சோதனைக்கும் கூலி உண்டு

ஓடிக்கொண்டிருக்கும்போதே காரின் என்ஜின் நின்றுபோகிறது. ஓரமாக ஒதுக்கி அரை மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு மட்டும் அணைவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகியதும் திரையில் பி0335 என்ற எண் வருகிறது. ‘கிராங்க் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்’ என்ற முடிவும் அடுத்த நிமிடமே வந்துவிடுகிறது. சென்சார் மாறுகிறது, பில் கட்டுகிறோம், சில நாட்களில் வண்டி மறுபடியும் நிற்கிறது. புதுச்சேரியில் காலாப்பட்டிலிருந்து அரியாங்குப்பம் வரை கார் வைத்திருப்பவர்களும் வாடகை வண்டி ஓட்டுபவர்களும் அலுத்துக்கொள்ளும் கதைதான் இது. பழியை மெக்கானிக்கின் திறமை மீதோ நேர்மை மீதோ போட்டுவிடுவது எளிது. ஆனால் நாம் பணம் கொடுக்கும் முறையில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றிய பாகத்துக்கு விலை கொடுக்கிறோம். பழுதைக் கண்டுபிடித்ததற்குக் கூலி கொடுப்பதில்லை. கூலி இல்லாத வேலை நடக்காமல் போவதில் வியப்பில்லை.

கிராங்க் சென்சார் விரலளவுப் பொருள். கிராங்க் தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு பல்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், அது பொருத்தப்பட்டிருக்கும். பல வண்டிகளில் அந்தச் சக்கரத்தில் 60 பற்களுக்கு இடமிருக்கும், ஆனால் 58 பற்கள்தான் இருக்கும். வேண்டுமென்றே விடப்பட்ட அந்த இரண்டு பல் இடைவெளி கடந்துபோகும்போதுதான், பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்று என்ஜின் கணினி கணக்கை ஆரம்பிக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு பல்லும் 6 டிகிரி. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் வினாடிக்கு 50 சுற்று. ஒரு டிகிரி கடக்க வினாடியில் 18,000இல் ஒரு பங்கு நேரம்தான். எப்போது பெட்ரோலைப் பீய்ச்சுவது, எப்போது பொறியைத் தட்டுவது என்பதெல்லாம் இந்தக் கணக்கை நம்பியே நடக்கிறது. சைகை அறுந்தால் பெரும்பாலான என்ஜின்கள் நின்றுவிடும். சில மட்டும், வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் சென்சாரை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி ஓடும்.

பி0335 என்ற எண் சொல்வது மிகக் குறைவு. கிராங்க் சென்சாரின் மின்சுற்றிலிருந்து வரவேண்டிய சைகை கணினிக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சுற்றில் சென்சார் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் இரண்டு அல்லது மூன்று வயர்கள் இருக்கின்றன. வயர்களைச் சேர்க்கும் கப்ளர், எர்த் இணைப்பு, மின்சாரம் கொடுக்கும் பாதை, கடைசியில் கணினியே கூட இருக்கிறது. இவற்றில் எது கெட்டாலும் வருவது அதே எண்தான். தொடர்புடைய பிற எண்கள் வேறு கதை சொல்கின்றன. பி0336 என்றால் சைகை வருகிறது, ஆனால் ஒழுங்கில்லை: பல் உடைந்திருக்கலாம், சக்கரம் ஆடலாம், சென்சாரின் காந்த முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கலாம். பி0339 என்றால் விட்டுவிட்டு வருகிறது. பி0016 என்றால் கிராங்க் தண்டும் கேம் தண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பெரும்பாலும் டைமிங் செயின் தளர்ந்ததன் அடையாளம். ‘கிராங்க் கோடு’ என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, செயின் தளர்ந்த வண்டிக்கு சென்சார் மாற்றினால், இன்று செலவாவது சென்சார் விலை; நாளை செயின் நழுவி வால்வும் பிஸ்டனும் மோதினால் செலவாவது என்ஜின்.

முறையாகப் பார்த்தால் சென்சார் வரிசையில் கடைசியாகத்தான் வர வேண்டும். முதலில் பேட்டரி, வலுவில்லாத பேட்டரியால் செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் இதே எண் வரக்கூடும். அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் என்ஜின் சுற்று எண்ணிக்கை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 200, 250 என்று ஏதாவது ஓர் எண் வந்தால் அந்த நேரத்தில் சைகை கணினிக்குப் போகிறது என்று பொருள். எண் பூஜ்யத்திலேயே கிடந்தால் கப்ளரைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, பின் உள்ளே தள்ளியிருக்கிறதா, எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று வயர் வகை என்றால் சாவியைப் போட்டுவிட்டு 5 வோல்ட் வருகிறதா (சில வண்டிகளில் 12), எர்த் சரியா என்று மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். இரண்டு வயர் வகை என்றால் சுருளின் ஓம் அளவை எடுக்க வேண்டும். பல வண்டிகளில் அது சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கும், சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில்தான் இருக்கும். இந்த அளவைச் சூட்டிலும் எடுக்க வேண்டும் என்பது முக்கியம். குளிர்ந்த என்ஜினில் சரியாக இருக்கும் சுருள், சூடேறியதும் உள்ளுக்குள் விட்டுப்போகும். சூட்டில் நின்று ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இது அடிக்கடி நடப்பது. இதற்குத் தேவையான மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். தேவைப்படும் நேரமோ அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஆகலாம். அந்த நேரம்தான் யாருடைய பில்லிலும் இல்லை.

இது எந்த ஊருக்கும் பொருந்துமே, புதுச்சேரிக்கு என்ன தனியாக என்று கேட்கலாம். இங்கே வயரும் கப்ளரும் சந்தேகப் பட்டியலில் முன்னால் நிற்க வேண்டியவை என்பதுதான் பதில். கடலோரக் கூபேர் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காற்று வாங்கும் ஊர் இது. அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. செம்பும் வெள்ளீயமும் உப்பு ஈரத்தில் அரிக்கும். அரிப்பு மெல்லிய படலமாக இருக்கும்போது இணைப்பு ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. இதற்கு மேல் மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 48.4 செ.மீ. மழை கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் போன்ற பகுதிகளில் வீடுகளே தண்ணீரில் நிற்க, மக்களை மீட்க ராணுவம் இறங்கியது. அந்தத் தெருக்களில் நின்ற கார்களின் கதி என்னவாக இருந்திருக்கும்? கிராங்க் சென்சார் பெரும்பாலான வண்டிகளில் என்ஜினின் அடிப்பகுதியில், ஃப்ளைவீல் பக்கமோ முன்பக்கக் கப்பி அருகிலோ இருக்கும். தண்ணீர் முதலில் தொடும் இடங்களில் அதுவும் ஒன்று. இருக்கைகளைக் காயவைத்து, எண்ணெய் மாற்றி, வண்டியைப் புதுசுபோலக் கழுவி எடுத்துவிடலாம். கப்ளருக்குள் தங்கிய சேற்று நீர் மாதக்கணக்கில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் புதுச் சென்சாரை அதே அரித்த கப்ளரில் மாட்டினால், கழற்றி மாட்டும்போது பின்கள் உராய்ந்து கொஞ்ச நாள் இணைப்பு கிடைக்கும். ‘சரியாகிவிட்டது’ என்று நினைப்போம். இந்தக் கொஞ்ச நாள்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். சென்சார்தான் கெட்டிருந்தது என்ற தப்பான பாடத்தை மெக்கானிக்குக்கும் வண்டிக்காரருக்கும் அது கற்றுக்கொடுத்துவிடுகிறது.

வயரைச் சந்தேகிப்பது மிகையில்லை என்பதற்கு உற்பத்தியாளர்களே சாட்சி. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா நிறுவனம் 1,08,306 எக்ஸ்யூவி700 வண்டிகளை, என்ஜின் அறைக்குள் ஓடும் வயரிங்கைச் சோதிப்பதற்காகத் திரும்ப அழைத்தது; வயர்கள் உராய்ந்து வெட்டுப்படும் வாய்ப்பு இருக்கிறது என்பது காரணம். அது கிராங்க் சென்சார் தொடர்பான அழைப்பு அல்ல. ஆனால் புது வண்டிகளிலேயே, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவற்றில், பாகத்தை விட்டுவிட்டு வயரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், பத்து வருடம் கடற்காற்றில் நின்ற வண்டியில் பார்க்காமல் விடுவது எப்படி நியாயம்?

மெக்கானிக்கின் பக்கத்திலிருந்து பார்ப்போம். சென்சார் மாற்றினால் பாகத்தில் ஒரு கமிஷன், லேபர் சார்ஜ் என்று ஒரு தொகை, ஆக கால் மணி நேர வேலைக்குக் கைமேல் காசு. அதே வண்டியில் ஒரு மணி நேரம் குனிந்து, அடியில் படுத்து, கப்ளரில் இரண்டு பின்னைச் சுத்தம் செய்து, வயரில் உரிந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால், வண்டிக்காரர் கேட்கும் முதல் கேள்வி: ‘எதுவும் மாத்தலையே, எதுக்கு இவ்வளவு?’ ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனைக்குக் காசு கட்டும்போது ‘மாத்திரையே தரலையே’ என்று யாரும் கேட்பதில்லை. வண்டி விஷயத்தில் மட்டும் கையில் பிடிக்கக்கூடிய பொருள் வந்தால்தான் செலவு நியாயம் என்று பழகிவிட்டோம். திறமைசாலி நஷ்டப்பட்டு, பாகம் மாற்றுகிறவர் லாபம் பார்க்கும் ஏற்பாட்டை நாமே கட்டிவைத்துவிட்டு, ஊரில் நல்ல மெக்கானிக் இல்லை என்று குறைபடுகிறோம்.

சென்சார் விலையே அவ்வளவு இல்லை, சோதனைக் கூலிக்கு மாற்றிவிட்டுப் பார்ப்பதே மேல் என்பார்கள். சில சிறிய கார்களுக்கு இது ஓரளவு உண்மை. சென்சார் மலிவாகக் கிடைத்து, எளிதில் எட்டும் இடத்திலும் இருந்தால், மாற்றிப் பார்ப்பது பாவமில்லை. ஆனால் எல்லா வண்டியிலும் அப்படி இல்லை. சிலவற்றில் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ வேறு பாகங்களையோ கழற்றினால்தான் கை போகும். விலை குறைவு என்பதற்காகப் பெட்டியில் மட்டும் பெயர் இருக்கும் டூப்ளிகேட் சென்சார் உள்ளே வருவதும் நடக்கிறது. அதன் காந்தமோ சுருளோ சரியில்லாவிட்டால் பழைய பழுதோடு புதிய பழுதும் சேரும். சில வண்டிகளில் புதுச் சென்சார் போட்டபின் ஸ்கேனர் வழியாகக் கணினிக்கு அதைப் பழக்க வேண்டும். பழக்காவிட்டால் விளக்கு மறுபடி எரியும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டி, இரவில், பின்னால் லாரி வரும்போது என்ஜின் நின்றால், பல வண்டிகளில் பவர் ஸ்டியரிங் கல்லாகும். பிரேக்கும் இரண்டொரு மிதிக்கு மேல் இறுகிவிடும். ‘மாற்றிப் பார்க்கலாம்’ என்பதில் அந்த ‘பார்க்கலாம்’ நடப்பது சாலையில்தான்.

ஷோரூம் சர்வீஸ் சென்டருக்கே போய்விடலாமே என்று சொல்பவர்களும் உண்டு. உத்தரவாதக் காலத்தில் அது சரியான யோசனை. அதற்குப் பிறகு? மறைமலை நகரில் கார் செய்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியோடு செவ்ரோலே விற்பனையை முடித்துக்கொண்டது. அந்த வண்டிகள் இன்னும் நம் சாலையில் ஓடுகின்றன. அவற்றை ஓட வைப்பதில் தனி மெக்கானிக்குகளின் பங்கு பெரிது. அவர்களுக்கு வேண்டிய வயரிங் வரைபடமும், சரியான ஓம் அளவும், கணினியைப் பழக்கும் மென்பொருளும் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் பழுதுநீக்கக் கையேடுகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பதே குற்றச்சாட்டின் சாரம். மேல்முறையீட்டில் 2016இல் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் அபராதத்தைக் குறைத்தாலும், ஆணையத்தின் அடிப்படை முடிவை ஏற்றுக்கொண்டது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் துறை பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. வாகனமும் அதில் ஒரு பிரிவு. நல்ல தொடக்கம்தான். ஆனால் அது நிறுவனங்கள் விரும்பித் தரும் தகவலைத் தொகுக்கும் இடம். தராதவரைக் கேட்கும் சட்டம் அல்ல. நம்மூரை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சில், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, வெளி மெக்கானிக்குக்கும் இந்தத் தகவலைக் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்தே இதைச் சட்டமாக்கினார்கள்.

தகவலைத் திறந்துவிட்டால் திருடர்களுக்கு வழி காட்டியதாகும் என்று நிறுவனங்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சாவி, திருட்டுத் தடுப்புப் பூட்டு பற்றிய தகவல்களுக்கு ஐரோப்பாவில் தனிச் சான்று பெற்ற மெக்கானிக்குக்கு மட்டும் அனுமதி தரும் ஏற்பாடு இருக்கிறது. அதையே இங்கும் செய்யலாம். ஆனால் ஒரு சென்சாரின் இரண்டு முனைக்கு நடுவில் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்ற எண்ணை வைத்துக்கொண்டு யாரும் கார் திருட முடியாது. அதைப் பூட்டிவைப்பதில் பாதுகாப்பு இல்லை, வியாபாரம் மட்டுமே இருக்கிறது.

சோதனைக் கூலி என்று ஒன்று வந்தால் அதையே சாக்காக வைத்து எல்லோரும் கறப்பார்களே என்ற பயம்தான் எனக்கு வலுவானதாகப் படுகிறது. ஸ்கேனரைச் செருகி எண்ணைப் படித்துவிட்டு ‘சோதனை’ என்று பில் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எண்ணைப் படிப்பது சோதனையின் முதல் வரி, அவ்வளவுதான். அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆகவே கூலி எழுத்தோடு சேர்ந்து வர வேண்டும். எந்த எண் வந்தது, செல்ஃப் அடிக்கும்போது சுற்று எண்ணிக்கை எவ்வளவு, கப்ளர் எப்படி இருந்தது, வோல்ட் எவ்வளவு, குளிரிலும் சூட்டிலும் ஓம் எவ்வளவு என்ற ஐந்தாறு வரி ஜாப் கார்டில் இருந்தால் போதும். அளக்காமல் எழுதிவிடலாமே என்றால், எழுதலாம். ஆனால் எழுதிய எண்ணை இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிட முடியும். வாயால் சொன்ன ‘போயிடுச்சு’ என்பதை யாரும் சரிபார்க்க முடியாது.

இது கார்க்காரர்களின் கவலை மட்டும் என்று ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் இருசக்கர வாகனங்களிலும் கார்புரேட்டர் போய் எரிபொருள் ஊசி முறை பரவலாகிவிட்டது. அங்கேயும் கிராங்க் சென்சார் இருக்கிறது, பழுது எண்ணும் வருகிறது. மின்சார வண்டி வந்தால் இந்தத் தலைவலி தீரும் என்பதும் பாதி உண்மைதான். மோட்டாரின் சுழலி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல அதிலும் ஒரு சென்சார் வேண்டும்; அதற்கும் வயரும் கப்ளரும் உண்டு. கடற்காற்று பெட்ரோல் வண்டி, மின்சார வண்டி என்று பார்த்து வீசுவதில்லை.

குறைந்த சாலை வரியால் வண்டிப் பதிவுக்குப் பெயர் வாங்கிய ஊர் புதுச்சேரி. சொகுசுக் காருக்கு பிஒய் எண் வாங்க வெளிமாநிலத்தார் இங்கே முகவரி தேடியது 2017இல் கேரளத்தில் பெரிய சர்ச்சையானது. பதிவில் காட்டிய அந்த ஆர்வத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்பிலும் காட்டலாம். அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சி இரண்டு ஆண்டு. வெளியே வேலையில் இருப்பவர்களுக்கும் மாலை நேரத்தில் மின்சுற்றுச் சோதனையை மட்டும் சில வாரங்கள் கற்றுக்கொடுத்துச் சான்று தருவது பெரிய செலவு பிடிக்கும் திட்டம் இல்லை. மல்டிமீட்டரும் ஒரு பழைய என்ஜினும் ஓர் ஆசிரியரும் போதும். கைநிறைய அனுபவமும் கூரிய காதும் உள்ள மூத்த மெக்கானிக்குகள் பலர் மின்சுற்று என்றதும் ஒதுங்கிக்கொள்வது சோம்பலால் அல்ல. அவர்கள் தொழில் பழகிய காலத்து வண்டியில் இது இல்லை. நிறுவனங்களிடம் வயரிங் வரைபடத்தைக் கேட்டு வாங்கித் தருவதில் ஒர்க்‌ஷாப் உரிமையாளர்களின் சங்கங்கள் முன்நிற்க வேண்டும். தனியொரு கடைக்காரர் கேட்டால் பதில் வராது.

வண்டிக்காரர்களின் கையில் இருப்பதும் குறைவில்லை. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த சேவைக்கு பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஆனால் வழக்கு வரை போக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது, வேலை தொடங்கும் முன்பே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டால்: அளவுகளை எழுதித் தாருங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுங்கள். இந்த இரண்டையும் கேட்கிறவர் மூன்றாவதாக ஒன்றைச் செய்யக் கடமைப்பட்டவர். எந்தப் பாகமும் மாற்றாமல், ஒரு மணி நேரம் அடியில் படுத்து, கப்ளரைச் சுத்தம் செய்தே வண்டியைச் சரிசெய்துவிட்டு மெக்கானிக் ஐந்நூறோ அறுநூறோ கேட்டால், பேரம் பேசாமல் கொடுங்கள்.